செங்கம் ரோட்டு மலை

லீட் வந்தபோது அன்பரசன் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். போன் அவன் மனைவி எழிலரசியிடம் இருந்தது. எப்போதும் அவளிடம்தான் இருக்கும்.

"வேங்கிக்கால். கலெக்டர் ஆபீசுக்குப் பின்னாடி," என்றாள். "ஜன்னல் வேலை. திறக்கட்டுமா?"

"பேரு இன்னா போட்டிருக்கு?"

"வினோதினி."

"வெறும் வினோதினியா?"

"ஏங்க, ரேஷன் கார்டு நகலா போடுவாங்க? திறக்கட்டுமா வேணாமா? மத்தவங்க திறந்துடுவாங்க."

வீட்டு வேலைக்கு ஆள் தேடுகிறவர்கள் அந்த ஆப்பில் இன்ன வேலை, இன்ன பகுதி என்று எழுதிப் படம் போடுவார்கள். அது ஒரே நேரத்தில் ஐந்து காண்ட்ராக்டர்களின் போனுக்குப் போகும். அதைத்தான் லீட் என்றார்கள். திறந்து பார்ப்பதற்கே, காசு கட்டி வாங்கிய புள்ளி கழியும். வேலை கிடைக்காவிட்டாலும் கழிந்தது கழிந்ததுதான். வீட்டு விலாசம், நம் விலையை அவர்கள் ஏற்றுக்கொண்ட பிறகுதான் தெரியவரும். அதுவரை பகுதியின் பெயர் மட்டும்.

எழிலரசி இந்த வித்தையை மெதுவாகக் கற்றிருந்தாள். முதலில் பதில் போடுகிறவனைத்தான் அவர்கள் முதலில் படிக்கிறார்கள். 'நேரில் பார்த்துச் சொல்கிறேன்' என்று எழுதினால் அடுத்த ஆளிடம் போய்விடுகிறார்கள். சிமெண்ட் எவ்வளவு, ஆள் எவ்வளவு என்று பிரித்து எழுத வேண்டும். முடித்த வேலையின் படம் வேண்டும், பகலில் எடுத்ததாக. எல்லாவற்றுக்கும் மேலே நட்சத்திரம் வேண்டும். வேலை முடிந்த வீட்டுக்காரர் நாலு வரி எழுதி நட்சத்திரம் போடாத காண்ட்ராக்டரை யாரும் சீந்துவதில்லை. அன்பரசனுக்கு ஒரு நட்சத்திரம்கூட இல்லை.

நட்சத்திரமெல்லாம் கலையரசனிடம் இருந்தது.

இரண்டு பேரும் கூட்டாக வேலை எடுத்தவர்கள். ரமணாசிரமம் பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடும் அறைகளில் டைல்ஸ், பாத்ரூம், மாடிக் கூரை. ஆப்பில் கணக்கு கலையரசன் பெயரில் இருந்தது. பிரிந்தபோது கட்டிங் மெஷினைப் பிரிக்க முடிந்தது, சாரக் கம்பியைப் பிரிக்க முடிந்தது. நட்சத்திரத்தைப் பிரிக்க முடியவில்லை. அன்பரசனோடு வந்தது மேஸ்திரி திருமலை ஒருவர்தான். அவரும் பாசத்தில் வரவில்லை. ஒரு வீட்டுக்காரம்மா முன்னால் கலையரசன் அவரை வாய்யா போய்யா என்று பேசியிருந்தான். அந்தக் கோபத்தில் வந்தவர்.

கோபம் சோறு போடாது என்பது திருமலைக்கு இப்போது தெரிந்திருந்தது. கலையரசன் செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜ் வேலையை எடுத்திருந்தான். திரும்ப வரச் சொல்லி ஆள் அனுப்பினான். திருமலை நேற்று அன்பரசனிடம் வந்து சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு ஒரு வேலை காட்டு அன்பு. இல்லன்னா நான் அங்க போறேன். தப்பா நெனச்சுக்காத."

திருமலை போனால் அன்பரசனிடம் ஒரு ஆப் மட்டும் மிஞ்சும். சுவர் வைக்கும் கை போய்விடும்.

"திற," என்றான்.

எழிலரசி படித்தாள். "'படுக்கையறை ஜன்னலைக் கட்டில் உயரத்துக்கு இறக்க வேண்டும். தெற்குப் பக்கம் இரண்டடி அகலப்படுத்த வேண்டும். படுத்தால் மலை தெரிய வேண்டும். விலையை எழுதவும். தயவுசெய்து போன் செய்யாதீர்கள்.'"

"போன் செய்யாதேன்னா?"

"எழுதியிருக்கு."

"நம்பரைப் போடு."

போட்டாள். ஆப் வழியாக மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். அதே கதை.

"எந்த வீட்டுக்காரன் போனை எடுக்காம வேலை குடுப்பான்?" என்றான் அன்பரசன். "படத்தைக் காட்டு."

வெள்ளைக் கம்பி போட்ட ஜன்னல். சாதாரண ஜன்னல். கம்பிக்கு அப்பால் மலை.

அன்பரசன் கையைக் கழுவாமலே போனை வாங்கினான். ஜன்னலை விட்டுவிட்டு மலையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இது வேங்கிக்கால் இல்ல."

"இன்னா சொல்றீங்க?"

"வேங்கிக்கால்ல இருந்து பார்த்தா நீட்டுச் சரிவு சோத்தாங்கைப் பக்கம் போகும். இதுல பாரு, பீச்சாங்கைப் பக்கம் போகுது. இது அந்தப் பக்கத்து மலை. செங்கம் ரோட்டு மலை."

எழிலரசி எட்டிப் பார்த்தாள். அவளும் இந்த ஊர்ப் பெண்தான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றி நடந்து வளர்ந்தவள். மலை எந்த இடத்தில் எப்படித் திரும்பும், எந்த இடத்தில் முகடு ஒன்றாகும், எந்த இடத்தில் உடையும் என்று காலுக்கே தெரியும்.

"ஆமாங்க," என்றாள். "அந்தப் பக்கம்தான்."

"செங்கம் ரோட்டுல யாரு இருக்கான்?"

அவளுக்கும் தெரியும். கலையரசன் வீடு ஆசிரமத்தைத் தாண்டி, செங்கம் ரோட்டில்தான் இருந்தது.

இது முதல் முறையுமல்ல. போன மாதம் போளூர் ரோட்டில் அப்பாதுரை என்று ஒருவர், மாடி ஒழுகுகிறது என்று லீட் போட்டார். எழிலரசி ராத்திரி உட்கார்ந்து பிரித்துப் பிரித்து விலை எழுதினாள். 'வேலை முடிந்ததும் குப்பை அள்ளி, தரையைக் கழுவிக் கொடுப்பது உட்பட' என்று கடைசியில் அவளாகவே ஒரு வரி சேர்த்தாள். அப்பாதுரையிடமிருந்து பதிலே இல்லை. அடுத்த வாரம் வேறொரு வீட்டுக்காரர் கலையரசன் கொடுத்த விலையை அன்பரசனிடம் காட்டினார். அதே வரிசை, அதே பிரிப்பு, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கம்மி. கடைசியில் குப்பை அள்ளித் தரையைக் கழுவும் வரியும் இருந்தது.

"நம்ம விலையை இழுக்கிறான்," என்றான் அன்பரசன். "பொம்பள பேரு வெச்சா சந்தேகப்பட மாட்டேன்னு நெனச்சிருக்கான். ஜன்னலை மட்டும் எடுக்கத் தெரியாம மலையைச் சேர்த்து எடுத்துட்டான்."

"அப்ப விட்டுடுங்க. பதில் போட வேணாம்."

"போடுவோம்," என்றான். "எழுது."

அவன் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். சுவர் உடைக்கும் கூலியைப் பாதியாக்கினான். அகலப்படுத்தினால் மேல்சுவரைத் தாங்க லிண்டல் வேண்டும். லிண்டலையே விட்டுவிட்டான். அலுமினிய ஜன்னலைக் கடை விலைக்கும் கீழே போட்டான். கூட்டிப் பார்த்தால் எந்தக் காண்ட்ராக்டரும் செய்ய முடியாத விலை வந்தது.

"இதைப் பார்த்து அதுக்கும் கீழ ஒரு விலையை நாலு வீட்டுல சொல்லுவான். சொல்லிட்டு மாட்டுவான்."

எழிலரசியின் விரல் அனுப்பும் இடத்துக்கு மேலே நின்றது.

"நெசமான வீடா இருந்தா?"

"நெசமான வீடா இருந்தா மலை எப்படி மாறும்?"

அவள் அனுப்பினாள். கடைசியில், வழக்கம்போல, குப்பை அள்ளும் வரியையும் சேர்த்திருந்தாள்.

*

போலி லீட் என்று நிரூபித்தால் கழித்த புள்ளியை ஆப்காரர்கள் திருப்பித் தருவார்கள். அதற்கு ஆதாரம் வேண்டும். அந்த ஜன்னலை வெளியிலிருந்து படம் எடுத்துவிட்டால் போதும். அதைத் திருமலையிடமும் காட்டலாம். இப்படிப்பட்டவனிடமா போகிறீர்கள் என்று கேட்கலாம்.

திங்கட்கிழமை காலை அன்பரசன் செங்கம் ரோட்டுக்குப் போனான். ஆப் கணக்கைத் தன் போனிலும் திறந்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தான். கொஞ்ச தூரம் போவான், மலையைப் பார்ப்பான், படத்தைப் பார்ப்பான், மறுபடி நடப்பான். முகடு கிட்டத்தட்டப் பொருந்திய இடத்தில் தெரு ஒன்று பிரிந்தது. கலையரசனின் தெரு. அன்பரசனுக்கு ஒரே சமயத்தில் சந்தோஷமும் வயிற்றெரிச்சலும் வந்தன.

தெருவுக்குள் போய் ஜன்னல்களைப் பார்த்தான். பச்சைக் கம்பி. மரக் கதவு. வலை அடித்த ஜன்னல். ஒரு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் அவனைப் பார்த்துக் கும்பிட்டார். இவனும் கும்பிட்டுவிட்டு அவர் ஜன்னலைப் பார்த்தான். இன்னொரு வீட்டில் ஒரு அம்மா, கறிகாய் நறுக்கிக்கொண்டிருந்தவர், எழுந்து வந்து ஜன்னலைச் சாத்தினார்.

வெள்ளைக் கம்பி எங்கேயும் இல்லை.

"இன்னா மச்சான்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "எங்க தெருவுல ஜன்னலா எண்ணிக்கினு இருக்கியாம்?"

கலையரசன் லுங்கியோடு நின்றிருந்தான். பல் தேய்த்த நுரை வாய் ஓரத்தில் இருந்தது.

"உன் வினோதினி எந்த வீட்டுல இருக்கா?" என்றான் அன்பரசன்.

கலையரசன் வாயைத் துடைத்தான். "என் வினோதினியா? உன் வினோதினின்னு இல்ல நான் நெனச்சேன்."

"கதை விடாத."

"யாரு கதை விடறது? வேங்கிக்கால்னு போட்டு எங்க தெரு மலையைக் காட்டுறே. எனக்கு எங்க மலை தெரியாதா? என்னை நக்கல் பண்றதுக்குன்னே எடுத்திருக்கேன்னு நெனச்சேன். அன்னிக்கே போலின்னு புகார் குடுத்துட்டேன்." போனை நீட்டினான். புகார் அதில் இருந்தது. தேதியும் இருந்தது.

அன்பரசன் அதை இரண்டு தடவை படித்தான். புகார் கொடுத்துவிட்டு அதையே ஆதாரமாகவும் காட்டலாமே என்று தோன்றியது.

"அப்ப அப்பாதுரை யாரு?"

"எந்த அப்பாதுரை?"

"மாடி ஒழுகுதுன்னு போளூர் ரோட்டுல."

கலையரசன் கொஞ்சம் யோசித்தான். "அது நான்தான்," என்றான். "ஆனா இது நான் இல்ல."

அவன் அப்படி ஒத்துக்கொண்டதுதான் அன்பரசனைக் குழப்பியது. பொய் சொல்கிறவன் முழுக்கப் பொய் சொல்வான். பாதியை ஒத்துக்கொண்டு பாதியை மறுத்தால் எதை நம்புவது?

"சரி, இதுக்கு விலை குடுத்தியா?" என்று கேட்டான் கலையரசன்.

அன்பரசன் பதில் சொல்வதற்குள் அவன் கையிலிருந்த போன் சத்தம் போட்டது. எழிலரசியிடமும் அதே கணக்கு இருந்தது. அவளும் இதைப் பார்த்திருப்பாள். கலையரசன் கழுத்தை நீட்டி இவனுக்கு முன்னால் படித்தான்.

'உங்கள் விலை ஏற்கப்பட்டது. நாளை காலை வரவும். வினோதினி.' கீழே விலாசம். வேங்கிக்கால், வீட்டு எண், தெரு. அதற்கும் கீழே அன்பரசன் பிரித்துப் போட்ட விலை.

கலையரசன் விலையைப் பார்த்தான். பிறகு அன்பரசனைப் பார்த்தான். சிரிக்கக்கூட இல்லை.

"இந்த விலைக்காடா? லிண்டலைக் காணோம்."

"எனக்குத் தெரியும்."

"ரத்து பண்ணினா ஆப்காரன் உன் கணக்கைக் கீழ தள்ளிடுவான். அப்புறம் எவனுக்கும் உன் பேரே தெரியாது." லுங்கியை மடித்துக் கட்டினான். "செஞ்சா கைக்காசு போகும். எப்படியும் வெள்ளிக்கிழமை திருமலை அண்ணன் இங்க வந்துடுவாரு. நல்லவிதமா அனுப்பி வை."

*

மறுநாள் அன்பரசன் திருமலையைக் கூட்டிக்கொண்டு வேங்கிக்கால் போனான். விலையைப் பற்றி வழியில் பேச்சே எடுக்கவில்லை. விலாசமே பொய்யாக இருக்கும், காலி மனையாக இருக்கும் என்று பாதி நம்பினான். காலி மனையாக இருந்தால் நல்லது என்றும் நினைத்தான்.

வீடு இருந்தது. கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால், புதிதாக முளைத்த தெருவில், மஞ்சள் பெயிண்ட் அடித்த வீடு. பக்கச் சுவரில் வெள்ளைக் கம்பி போட்ட ஜன்னல். அன்பரசன் வாசலில் நின்று மலையைப் பார்த்தான். நீட்டுச் சரிவு சோத்தாங்கைப் பக்கம் போனது, எப்போதும் போல.

கதவைத் திறந்தது அறுபது வயது மதிக்கத்தக்க அம்மா. ரேணுகாம்பாள் என்று பிறகு தெரிந்தது. வினோதினியின் மாமியார். கம்பிக் கதவைத் திறக்காமல் உள்ளிருந்தே கேட்டார்.

"யாரு?"

"ஜன்னல் வேலைக்கு வந்திருக்கோம்மா."

"எந்த ஊரு நீ?"

"இதே ஊருதாம்மா. பே கோபுரம் பக்கம்."

"அப்பா பேரு?"

"மண்ணாங்கட்டி. பஸ் ஸ்டாண்டுல பூக்கடை வெச்சிருந்தாரு."

"மண்ணாங்கட்டிக்கு ரெண்டும் பொண்ணுன்னு இல்ல கேள்விப்பட்டேன்."

"நான் மூணாவதும்மா."

அவர் நம்பவில்லை. "போன்ல இன்னா வந்திருக்கு காட்டு," என்றார். அன்பரசன் கம்பிக்கு வெளியிலிருந்து படத்தைக் காட்டினான். அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்தார். முகம் மாறியது.

"இது எங்க வீடே இல்லையே. செங்கம் ரோட்டுல யார் வீட்டையோ படம் எடுத்துக்கினு வந்து எங்க வீடுங்கறே?"

"அதையேதாம்மா நானும் கேக்கறேன்."

"என்னாது?"

உள்ளிருந்து குரல் வந்தது. "அத்தை, அது நான் எடுத்து அனுப்பின படம்தான். உள்ள விடுங்க."

"நீயா?" ரேணுகாம்பாள் திரும்பினார். "ரெண்டு மாசமா படுத்த படுக்கையா கெடக்கறே. செங்கம் ரோட்டுக்கு எப்பம்மா போனே?"

திருமலை தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது.

அறைக்குள் போனதும் அன்பரசனுக்குப் புரிந்துவிட்டது. வினோதினி ஜன்னலுக்கு அடியிலேயே, சுவரை ஒட்டிப் போட்ட கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். முப்பது வயது இருக்கும். ஸ்கூட்டரில் போகும்போது வேகத்தடையில் விழுந்து முதுகெலும்பில் விரிசல். அசையக் கூடாது. ஜன்னல் தலைக்கு மேலே இருந்தது. அவளுக்கு அதில் வானம்தான் தெரியும். எதிர்ச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று, மேல்பக்கம் கொஞ்சம் முன்னால் சாய்ந்து தொங்கியது. கண்ணாடிக்குள் வெள்ளைக் கம்பி. கம்பிக்கு அப்பால் மலை. நீட்டுச் சரிவு பீச்சாங்கைப் பக்கம்.

அவள் படுத்தபடியே கண்ணாடியைப் படம் எடுத்திருந்தாள்.

அன்பரசன் கண்ணாடியையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தான். ரேணுகாம்பாளும் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கண்ணாடியில எடுத்திருக்கா," என்றார் ரேணுகாம்பாள்.

"இதுல என்ன இருக்கு?" என்றாள் வினோதினி. "ஜன்னல் தெரியுதுல்ல?"

அவள் கடலூர்க்காரி. கலெக்டர் ஆபீஸ் வேலைக்காக வந்து, இங்கேயே கல்யாணம் ஆனவள். புருஷன் ஓசூர் கம்பெனியில் இருந்தான், சனிக்கிழமை வருவான். மலைக்கு ஒரே ஒரு உருவம்தான் உண்டு என்று அவள் நினைத்தாள். அது கண்ணாடியில் இருந்தது.

"கட்டிலை அந்தப் பக்கம் தள்ளிப் போட்டுப் பார்த்தீங்களா?" என்று கேட்டார் திருமலை.

"பார்த்தாச்சு. அங்க இருந்தும் வானம்தான். ஜன்னல் மேல இருக்கு, நான் கீழ இருக்கேன்."

"போன் எடுக்கலையே மேடம் நீங்க," என்றான் அன்பரசன்.

"எப்படி எடுக்கறது? போன தடவை அந்த ஆப்ல எழுதினப்ப நூறு போன். பாதி காண்ட்ராக்டர், பாதி லோன் வேணுமான்னு கேக்கறவன். சத்தத்தை நிறுத்தி வெச்சிட்டேன்." தலையணையில் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். "நான் கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. மூணு பேர் விலை குடுத்தாங்க. வேலூர்க்காரர் ஒருத்தர், ஆரணிக்காரர் ஒருத்தர், ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே விலை. நீங்க அதுல பாதிகூட இல்ல. ஏன்?"

அன்பரசன் கையிலிருந்த அளவு டேப்பை இழுத்து விட்டான்.

"எதுல ஏமாத்தப் போறீங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் வரச் சொன்னேன். சிமெண்ட்லயா, கம்பியிலயா? சொல்லிட்டா அதை மட்டும் நான் பாத்துக்குவேன்."

திருமலை இப்போது சிரிக்கவில்லை. அவரும் அன்பரசனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். விலை என்னவென்று அவருக்கு இதுவரை தெரியாது.

பொய் ஒன்றைச் சொல்லியிருக்கலாம். புதுக் கணக்கு, பேர் வாங்குவதற்காகக் கம்மியாகப் போட்டேன் என்று. அது வாய் வரை வந்தது. ஆனால் அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க நெசமான ஆள் இல்லைன்னு நெனச்சேங்க," என்றான்.

"புரியல."

"படத்துல மலை திரும்பி இருந்திச்சு. செங்கம் ரோட்டுல எனக்கு வேண்டாத ஒருத்தன் இருக்கான். அவன்தான் என் விலையை இழுக்கறதுக்குப் பொம்பள பேர்ல போட்டிருக்கான்னு நெனச்சிட்டேன். அவனை மாட்டிவிடப் பொய் விலை போட்டேன். நெச விலை அந்த வேலூர்க்காரர் சொன்னதுக்குக் கிட்டத்தான் வரும்."

வினோதினி போனை எடுத்து அந்தப் படத்தை மறுபடி பார்த்தாள்.

"கம்மியா சொல்லி வீட்டுக்குள்ள வந்துட்டு அப்புறம் ஏத்தறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன்," என்றாள். "ஆனா மலை மேல பழி போட்டு யாரும் ஏத்தினதில்ல."

"இல்ல மேடம், உங்க அத்தையைக் கேளுங்க. அவங்களே வாசல்ல சொன்னாங்க."

"ஆமா," என்றார் ரேணுகாம்பாள். "அவன் சொல்றது சரிதான். பார்த்ததும் எனக்கும் செங்கம் ரோடுன்னுதான் தோணிச்சு. இந்த ஊர்ல பொறந்தவன் எவனா இருந்தாலும் அப்படித்தான் நெனைப்பான்."

அன்பரசனுக்கு மூச்சு வந்தது.

"அதனால என் மருமக மேல தப்பு இல்லைன்னு ஆச்சு," என்று அவர் முடித்தார். "தப்பா நெனச்சது நீ. சொன்ன விலைக்கு செஞ்சு குடு."

"அம்மா..."

"எவனையோ மாட்டிவிட விலை போட்டேன்னு நீயே சொல்லிட்டே. நான் ஒண்ணும் தப்பா சொல்லலியே?"

வினோதினி, "அத்தை, அவர் வேணாம்னா போகட்டும். வேலூர்க்காரரைக் கூப்பிடுவோம்," என்றாள். அவளுக்கு அவன் போவதுதான் நிம்மதி போலிருந்தது. பாதி விலைக்காரனை வீட்டில் வைத்துக்கொண்டு படுத்திருப்பது அவளுக்குப் பயமாக இருந்தது.

அன்பரசன் திருமலையைப் பார்த்தான். திருமலை ஜன்னலுக்குக் கீழே சுவரைக் கட்டைவிரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இந்த ஜன்னலும் இல்லையென்றால் வெள்ளிக்கிழமைக்குள் வேறு எதுவும் வரப்போவதில்லை.

"சொன்ன விலைக்கே செய்யறேங்க," என்றான் அன்பரசன்.

"அப்ப எதுல கொறைப்பீங்க?" என்றாள் வினோதினி.

*

வேலை மதியமே தொடங்கியது. கட்டிலை ஹாலுக்கு நகர்த்தினார்கள். வினோதினி அங்கிருந்தபடி, சிமெண்ட் மூட்டை உள்ளே போகும்போதெல்லாம் அதன் பெயரைப் படித்துக் காட்டச் சொன்னாள். போனில் படம் எடுத்துக்கொண்டாள். ரேணுகாம்பாள் நாற்காலி போட்டு அறை வாசலில் உட்கார்ந்தார். டீ கொடுத்தார், ஆனால் எழுந்து போகவில்லை.

சுவரை உடைத்து முடித்ததும் திருமலை மேலே பார்த்தார். அகலப்படுத்திய பக்கத்தில் செங்கல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றது.

"லிண்டல் உன் விலையில இல்லையாமே," என்றார் தணிந்த குரலில். "கலையரசன் போன்ல சொன்னான்."

"அவன் எதுக்கு உங்களுக்குப் போன் பண்றான்?"

"அதை விடு. இப்ப இன்னா பண்றது? மேல ஒரு இரும்புப் பட்டையைக் குடுத்துப் பூசிட்டா வெளிய தெரியாது. நாலஞ்சு வருசம் தாங்கும். அப்புறம் விரிசல் விடும். அதுக்குள்ள எவனுக்கு நெனப்பிருக்கும்?"

அன்பரசன் அவரைப் பார்த்தான். கலையரசன் சொல்லிக் கொடுத்துக் கேட்கிறாரா, தானாகக் கேட்கிறாரா என்று தெரியவில்லை. முகத்தில் ஒன்றும் இல்லை.

"கீழ அந்தம்மா படுத்திருப்பாங்கண்ணா. எழுந்துகூட ஓட முடியாது."

"அதான் கேக்கறேன்."

"ரெடிமேட் லிண்டல் எடுத்துட்டு வரேன்," என்றான் அன்பரசன்.

எழிலரசிக்குப் போன் போட்டுச் சொன்னான். "வாங்குங்க. போட்டதும் பூசறதுக்கு முன்னாடி படம் எடுத்து அனுப்புங்க. பகல்லயே எடுங்க," என்றாள்.

வியாழக்கிழமை மதியம் கட்டிலைத் திரும்ப ஜன்னலடிக்குக் கொண்டுவந்தார்கள். புது ஜன்னல் மெத்தைக்கு ஒரு சாண் மேலே தொடங்கியது. வினோதினி தலையைத் திருப்பினாள். மலை முழுசாகத் தெரிந்தது.

அவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"இது வேற மாதிரி இருக்கே," என்றாள். "திரும்பி இருக்கு."

"இதுதாம்மா நேரா இருக்கு," என்றார் ரேணுகாம்பாள். "நீ பார்த்துக்கினு இருந்ததுதான் திரும்பி."

வினோதினி கண்ணாடியைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். இவர்கள் ஏதோ செய்திருக்கிறார்கள் என்பது போல அன்பரசனையும் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். திருமலை சத்தம் வராமல் கருவிகளை எடுத்து வைத்தார். அன்பரசன் குப்பையை அள்ளித் தரையைக் கழுவினான்.

*

வெள்ளிக்கிழமை காலை திருமலை அன்பரசன் வீட்டுக்கு வந்தார். குளித்து, விபூதி பூசியிருந்தார். கரண்டியும் மட்டப்பலகையும் பையில் இருந்தன. எங்கேயோ வேலைக்குப் போகிற தோரணை. எங்கே என்று அன்பரசன் கேட்கவில்லை.

எழிலரசி போனோடு வெளியே வந்தாள். "எழுதிட்டாங்க," என்றாள். "நாலு நட்சத்திரம்."

"படி."

"'வேலை சுத்தம். லிண்டலைப் பூசுவதற்கு முன் படம் அனுப்பினார்கள். சொன்ன விலைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை. ஆனால் விலை ஏன் இவ்வளவு கம்மி என்று கேட்டால் மலையைப் பற்றி ஏதோ சொல்கிறார். இன்னும் எனக்குப் புரியவில்லை. விசாரித்துக் கொடுக்கவும்.'"

திருமலை எட்டிப் போனைப் பார்த்தார்.

"அஞ்சாவது நட்சத்திரம் அதுல போச்சு," என்றாள் எழிலரசி.

"உனக்கு இதுல எதுனா காசு நின்னுச்சா?" என்று கேட்டார் திருமலை.

"நின்னுச்சுண்ணா. கொஞ்சம்."

திருமலை அவனைப் பார்த்தார். நம்பவில்லை. ஆனால் மேலே கேட்கவும் இல்லை.

அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்து, காதில் வைத்தார். மறுமுனையில் பேசுவது கலையரசன் என்று குரலிலேயே தெரிந்தது.

"இல்லப்பா," என்றார் திருமலை. "வரல... கோவம்லாம் இல்ல... லாட்ஜுக்கு வேற மேஸ்திரி பாரு." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "பட்டையைக் குடுத்துப் பூசலாம்னு நீ சொன்னே பாரு, அதை அவன்கிட்ட சொல்லிப் பார்த்தேன். கேக்கல. அவ்ளோதான்."

போனை வைத்தார். அன்பரசன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இது நிஜமா, கூலியை ஏற்றிக் கேட்பதற்கு முன்னோட்டமா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. எப்படி இருந்தாலும் பை தரையில் இறங்கியிருந்தது.

எழிலரசியின் கையில் போன் சத்தம் போட்டது.

"லீட்," என்றாள். "தாமரை நகர். பாத்ரூம் வேலை. நட்சத்திரத்தைப் பார்த்து நமக்குன்னே போட்டிருக்காங்க, வேங்கிக்கால் மாதிரி கம்மி விலைக்கே செய்வீங்களான்னு மேலயே கேட்டிருக்கு."

"பேரு இன்னா?"

"இளவரசன்."

"எவன் அது?"

"ஏங்க," என்றாள் எழிலரசி.

"கொஞ்சம் தண்ணி குடும்மா," என்றார் திருமலை, பையின் மேலேயே உட்கார்ந்தபடி. "அவன் விசாரிச்சு முடிக்கிறதுக்குள்ள நீ திறந்து நெச விலையை எழுதிடு."